கணினிக்குப் பாடம் சொன்ன கடற்படை ஆசிரியை

மூன்றாம் ஆண்டு, கணினிப் பொறியியல் பிரிவு



நம் மாணவர் பேரவை மலரில் ஆண்டுதோறும் பெரியோர் வரலாறு ஒன்று இடம்பெறுவது வழக்கம். காமராஜர், ராமானுஜன், மேரி கியூரி, அப்துல் கலாம் என்று பலரைப் பற்றியும் நம் சீனியர்கள் அழகாக எழுதிவிட்டார்கள். நான் எடுத்துக்கொண்டவர் கிரேஸ் ஹாப்பர் என்ற அம்மையார். கணிதத்தில் டாக்டர் பட்டம் பெற்றவர். அமெரிக்கக் கடற்படையில் ரியர் அட்மிரல் பதவி வரை உயர்ந்தவர். இன்று நாம் ஒரு பேக்கேஜின் பெயரை மட்டும் அடித்து, யாரோ எங்கேயோ எழுதி வைத்த நிரலை நம் கணினிக்கு வரவழைக்கிறோமே, அந்த யோசனைக்கு வித்திட்டவர்களில் ஒருவர் அவர் என்றால் அது மிகையாகாது.

இவரை ஏன் எடுத்தேன் என்று கேட்கலாம். பவர்ஷெல்லில் ஒரு மாட்யூலை அப்டேட் செய்யச் சொன்னால், சில சமயம் பத்து வரி சிவப்பு எழுத்து வந்து கொட்டும். உடனே பாதிப் பேர் ஜன்னலை மூடிவிடுவோம். மீதிப் பேர் பக்கத்து சீட்டுக்காரன் என்ன அடித்தான் என்று எட்டிப் பார்ப்போம். என் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். உங்களில் பல பேருக்கும் அதே கதைதான். வீட்டுக்குப் போய் அப்பா, இந்தப் பிழைக்கு என்ன அர்த்தம் என்று கேட்க முடியாது. அதனால் அந்தச் சிவப்பு எழுத்து கணினி சொல்லும் தகவலாக நமக்குத் தெரிவதில்லை. நீ இங்கே இருக்க வேண்டிய ஆளில்லை என்று நம்மைப் பார்த்துச் சொல்வது போலவே தோன்றும். அது அப்படி இல்லை என்பதற்கு இந்த அம்மையாரின் வாழ்க்கையே சாட்சி.

ஏழு கடிகாரங்கள்

1906-ஆம் ஆண்டு டிசம்பர் 9-ஆம் நாள் நியூயார்க் நகரில் பிறந்தவர் கிரேஸ். ஏழு வயதில் அலாரம் கடிகாரம் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க ஆசை வந்தது. ஒன்றைப் பிரித்தார். அடுத்ததைப் பிரித்தார். அம்மா வந்து பார்ப்பதற்குள் வீட்டிலிருந்த ஏழு கடிகாரங்களும் பல் சக்கரமும் ஸ்பிரிங்குமாகத் தரையில் கிடந்தன. நம்ம வீடாக இருந்தால் முதுகு வீங்கியிருக்கும்! அந்த அம்மா அடிக்கவில்லை, கடிகாரத்தைத் தொடாதே என்றும் சொல்லவில்லை. இனிமேல் ஒரு கடிகாரம் மட்டும்தான் என்று ஒரு வரம்பு கட்டினார். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் பிரி என்ற அந்த விதியை மனதில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

படிப்பில் கெட்டிக்காரி என்றாலும் பாதை நேராக அமையவில்லை. பதினாறு வயதில் வாஸர் கல்லூரிக்கு விண்ணப்பித்தார். லத்தீன் பாடத்தில் மதிப்பெண் போதாது என்று அந்த வருடம் இடம் கிடைக்கவில்லை. ஒரு வருடம் காத்திருந்து, மறுபடி முயன்று சேர்ந்தார். அரியர் வைத்த நண்பர்கள் இந்த இடத்தைக் கொஞ்சம் கவனிக்கவும்! 1928-இல் கணிதம், இயற்பியல் இரண்டிலும் பட்டம். 1930-இல் யேல் பல்கலைக்கழகத்தில் முதுகலை. 1934-இல் அங்கேயே டாக்டர் பட்டம். இதற்கிடையே 1931 முதல் தான் படித்த வாஸர் கல்லூரியிலேயே கணித ஆசிரியையாக வேலை. அதோடு நின்றிருந்தால் நல்ல ஆசிரியை என்ற பெயரோடு அவர் வாழ்க்கை முடிந்திருக்கும்.

எடை குறைந்த சிப்பாய்

1941 டிசம்பரில் பேர்ல் துறைமுகம் தாக்கப்பட்டு அமெரிக்கா இரண்டாம் உலகப் போரில் இறங்கியது. கிரேஸ் கடற்படையில் சேர விரும்பினார். வயது அதிகம் என்றார்கள். எடையோ குறைந்தபட்சத் தேவைக்கு 15 பவுண்டு, அதாவது கிட்டத்தட்ட 7 கிலோ குறைவு. கணிதப் பேராசிரியர்கள் கல்லூரியிலேயே தேவை என்றும் சொன்னார்கள். விடாப்பிடியாக நின்று, எடைக்கு விலக்கு வாங்கி, 1943 டிசம்பரில் கடற்படையின் மகளிர் ரிசர்வ் பிரிவில் சேர்ந்தார். பயிற்சியில் தன்னைவிடப் பல வயது இளையவர்களோடு அணிவகுத்து, 1944-இல் வகுப்பின் முதல் மாணவியாக வெளியே வந்தார்.

கப்பலுக்கு அனுப்புவார்கள் என்று பார்த்தால், ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஹோவர்டு ஐக்கன் என்பவரிடம் அனுப்பினார்கள். அங்கே நின்றது மார்க் 1 என்ற கணினி. நீளம் 51 அடி, உயரம் 8 அடி! நம்ம லேப் ஹாலில் நிறுத்தினால் கதவைத் திறக்க இடம் இருக்காது. ஒரு நொடிக்கு மூன்று கூட்டல் போடும். நிரல் என்பது காகித நாடாவில் குத்திய ஓட்டைகள். ஓர் ஓட்டை இடம் மாறினால் விடை தப்பு. கடற்படைக்கு வேண்டிய கணக்குகளுக்கு அதில் நிரல் எழுதியதோடு, அந்த இயந்திரத்துக்கு 561 பக்கத்தில் ஒரு கையேடும் தயாரித்தார். அது 1946-இல் அச்சாகியது. நாம் படிக்காமல் தள்ளிவிடும் மேனுவல் என்ற பொருளை, முன்மாதிரி எதுவும் இல்லாமல் எழுதியவர் அவர்.

பூச்சி சொன்ன பாடம்

அடுத்து வந்தது மார்க் 2. 1947 செப்டம்பர் 9-ஆம் தேதி அது சரியாக ஓடவில்லை. ஒவ்வொரு பகுதியாகத் தேடிப் பார்த்ததில் ஒரு ரிலேயில் விட்டில் பூச்சி ஒன்று மாட்டிக்கொண்டிருந்தது. அதை எடுத்துக் குறிப்பேட்டில் டேப் போட்டு ஒட்டி, பக்கத்தில் நேரத்தையும், எஃப் பேனல், 70-ஆம் ரிலே என்று இடத்தையும் எழுதி வைத்தார்கள். அந்தக் குறிப்பேடு பூச்சியோடு இன்றும் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

பக் என்ற சொல்லே அன்றுதான் பிறந்தது, பூச்சியைப் பிடித்தவர் ஹாப்பர்தான் என்று பலர் எழுதுகிறார்கள். இரண்டும் சரியல்ல. இயந்திரக் கோளாறை பக் என்று சொல்வது எடிசன் காலத்திலேயே உண்டு. பூச்சியைப் பிடித்தவர்கள் அந்தக் குழுவில் வேலை பார்த்தவர்கள். அந்தக் கதையை ஊர் ஊராகச் சொல்லிப் புகழ்பெறச் செய்தவர்தான் ஹாப்பர். நமக்குப் பூச்சியை விடக் குறிப்பேடுதான் முக்கியம். எப்போது நடந்தது, எங்கே நடந்தது, என்ன கிடைத்தது என்ற மூன்றையும் அவர்கள் எழுதி வைத்தார்கள். கோளாறு வந்ததற்காக யாரும் வெட்கப்பட்டு மறைக்கவில்லை.

நோட்டுப் புத்தகத்திலிருந்து பேக்கேஜுக்கு

1949-இல் ஹாப்பர் ஹார்வர்டை விட்டு, பிலடெல்பியாவில் எக்கர்ட், மாக்லி இருவரும் தொடங்கிய கணினி நிறுவனத்தில் சேர்ந்தார். யூனிவாக் கணினி அங்கே உருவாகிக்கொண்டிருந்தது. அப்போது நிரல் எழுதுவோர் என்ன செய்வார்கள் தெரியுமா? சைன் கணக்குக்கு ஒருவர், வர்க்கமூலத்துக்கு ஒருவர் என்று ஏற்கெனவே எழுதி, சரிபார்த்த துண்டு நிரல்களை நோட்டுப் புத்தகத்தில் வைத்திருப்பார்கள். வேண்டியவர் நோட்டைக் கடன் வாங்கிக் கையால் பார்த்து எழுதுவார். நம்ம ரெக்கார்டு நோட்டு மாதிரியேதான்!

ரெக்கார்டு நோட்டில் வரும் வியாதியும் அங்கே வந்தது. பி என்ற எழுத்தை 13 என்று எழுதிவிடுவார்கள். இடைவெளிக்குப் போடும் முக்கோணக் குறியை 4 என்று எழுதிவிடுவார்கள். அதோடு, ஒவ்வொரு துண்டு நிரலும் பூஜ்யம் என்ற முகவரியில் தொடங்குவதாக எழுதப்பட்டிருக்கும். அதைப் பெரிய நிரலின் நடுவில் சேர்க்கும்போது உள்ளே உள்ள முகவரி எல்லாவற்றையும் கூட்டி மாற்ற வேண்டும். மனிதர் கூட்டினால் தப்பு வரும். கூட்டுவதும் பார்த்து எழுதுவதும் கணினிக்குக் கைவந்த கலை. அந்த வேலையை அதனிடமே விட்டால் என்ன என்று ஹாப்பர் யோசித்தார்.

அப்படிப் பிறந்ததுதான் ஏ-0 என்ற கம்பைலர். 1951, 52-ஆம் ஆண்டுகளில் செய்து முடித்தார். சரிபார்த்த துண்டு நிரல்களைக் காந்த நாடாவில் வரிசையாக வைத்து ஒவ்வொன்றுக்கும் ஓர் அழைப்புப் பெயர் கொடுத்தார். எழுதுபவர் அந்தப் பெயரை மட்டும் சொன்னால் போதும். கணினியே நாடாவில் தேடி, எடுத்து, முகவரிகளை மாற்றி, ஒன்றாகத் தைத்துக் கொடுத்துவிடும். இன்றைய கணக்கில் அதை லிங்கர், லோடர் என்றுதான் சொல்ல வேண்டும். கணினி கணக்குத்தான் போடும், நிரல் எழுதாது என்று சொல்லிப் பல பேர் முதலில் நம்பவே இல்லை. 1953-இல் வந்த ஏ-2 பதிப்பை வாடிக்கையாளர்களுக்கு மூல நிரலோடு கொடுத்து, திருத்தம் இருந்தால் அனுப்பும்படியும் கேட்டுக்கொண்டார்கள். திறந்த மூல மென்பொருள் என்று நாம் பேசுவதற்கு எத்தனை காலம் முன்னால் பாருங்கள்!

நம்ம லேபுக்கு வருவோம்

ஹாப்பரின் நாடா இருந்த இடத்தில் இன்று பவர்ஷெல் கேலரி என்ற இணையக் கிடங்கு இருக்கிறது. அழைப்புப் பெயர் இருந்த இடத்தில் மாட்யூல் பெயர். இன்ஸ்டால்-மாட்யூல் என்றால் வந்து இறங்கும். அப்டேட்-மாட்யூல் என்றால் புதிய பதிப்பு வரும். வராதபோது என்ன செய்வது? அவருடைய வழியிலேயே போவோம்.

முதலில் குறிப்பேடு. ஸ்டார்ட்-டிரான்ஸ்கிரிப்ட் என்று அடித்துவிட்டு வேலையைத் தொடங்கினால், நாம் அடித்ததும் கணினி சொன்னதும் ஒரு கோப்பில் பதிவாகிவிடும். கட்டளையோடு வெர்போஸ் என்பதையும் சேர்த்தால் உள்ளே என்ன நடக்கிறது என்று படிப்படியாகச் சொல்லும். பூச்சி ஒட்டிய பக்கம் நமக்கு இதுதான்.

அடுத்தது அம்மா கட்டிய வரம்பு. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். ஐந்து கட்டளையை ஒன்றாக ஒட்டி ஓட்டினால், சரியானாலும் எதனால் சரியானது என்று தெரியாது.

இனி ஒவ்வொரு கேள்வியாக. எந்தப் பவர்ஷெல் ஓடுகிறது? விண்டோஸோடு வரும் 5.1 வேறு, தனியாகப் போட்டுக்கொள்ளும் 7 வேறு. இரண்டுக்கும் மாட்யூல் ஃபோல்டர் தனித்தனி. இதில் அப்டேட் செய்துவிட்டு அதில் தேடினால் பழையதுதான் இருக்கும்.

கிடங்கை எட்ட முடிகிறதா? 2020 ஏப்ரலில் கேலரி பழைய டிஎல்எஸ் 1.0, 1.1 இணைப்புகளை நிறுத்திவிட்டது. பழைய அமைப்போடு உள்ள 5.1 அந்தப் பழைய வழியிலேயே போய்க் கதவைத் தட்டும். கிடங்கு திறக்காது. நமக்குத் தெரிவதோ, பேக்கேஜ் கிடைக்குமிடமே தெரியவில்லை என்ற பிழைதான். அந்த ஜன்னலுக்கு டிஎல்எஸ் 1.2 என்று சொல்லிவிட்டு மறுபடி முயன்றால் கதவு திறக்கும். கல்லூரி இணையம் புராக்ஸி வழியாகப் போகிறதா என்பதையும் இதோடு பார்க்க வேண்டும்.

அனுமதி இருக்கிறதா? 5.1-இல் ஒன்றும் சொல்லாவிட்டால் கணினியின் எல்லாப் பயனருக்கும் பொதுவான இடத்தில் எழுதப் பார்க்கும். லேப் கணினியில் நமக்கு அட்மின் உரிமை ஏது? நிறுவும்போதே ஸ்கோப் என்பதற்கு கரன்ட்-யூசர் என்று கொடுத்துவிட்டால் நம் ஃபோல்டரிலேயே இறங்கும்.

அதை முதலில் யார் வைத்தது? இதுதான் சுவையான கேள்வி. பெஸ்டர் என்று ஒரு மாட்யூல் உண்டு. நாம் எழுதிய ஸ்கிரிப்ட் சரியா என்று சோதிக்கும் கருவி. விண்டோஸ் 10-இல் அதன் 3.4.0 பதிப்பு கூடவே வந்தது. அப்டேட்-மாட்யூல் போட்டால், இதை நான் நிறுவவில்லை, நான் எப்படிப் புதுப்பிப்பது என்று கைவிரிக்கும். இன்ஸ்டால்-மாட்யூலை ஃபோர்ஸ் சேர்த்து ஓட்டினாலும், பழையதில் மைக்ரோசாஃப்ட் கையெழுத்து, புதியதில் வேறு கையெழுத்து என்று சொல்லி நின்றுவிடும். இங்கே கணினி கெட்டுப்போகவில்லை. கையெழுத்து மாறிய காசோலையை வங்கி திருப்பி அனுப்புவது போல, நம்மைக் காக்கிறது. காரணம் இன்னதென்று தெரிந்த பிறகு, ஸ்கிப்-பப்ளிஷர்-செக் என்பதைச் சேர்த்துப் புதிய பதிப்பைப் பக்கத்தில் நிறுவிக்கொள்ளலாம். காரணம் தெரியாமல் எல்லா மாட்யூலுக்கும் அதைப் போடுவது, வீட்டுப் பூட்டைக் கழற்றி வீசுவதற்குச் சமம்.

கடைசியாக, அப்டேட் முடிந்தும் பழையதே ஓடுகிறதா? அப்டேட் பழைய பதிப்பை அழிக்காது. திறந்திருக்கும் ஜன்னலில் பழையது ஏற்கெனவே ஏறியிருந்தால் அதுவே தொடரும். ஜன்னலை மூடிப் புதிதாகத் திறந்து, கெட்-மாட்யூலோடு லிஸ்ட்-அவைலபிள் சேர்த்துப் பார்த்தால், எத்தனை பதிப்பு உள்ளே இருக்கிறது என்று வரிசையாகக் காட்டிவிடும்.

இயந்திரத்துக்குத் தாய்மொழி இல்லை

மறுபடி ஹாப்பரிடம் வருவோம். கணக்கு வாத்தியார்களுக்கு மட்டும் புரியும் குறிகளில் நிரல் எழுதிக்கொண்டிருந்தால், வியாபாரம் பார்க்கும் சாதாரண ஆட்கள் கணினியைத் தொட முடியாது என்று அவர் நினைத்தார். சாதாரண ஆங்கிலச் சொற்களிலேயே கட்டளை எழுதும் ஃப்ளோ-மாட்டிக் மொழியை 1950-களின் நடுவில் தன் குழுவோடு உருவாக்கினார். நிர்வாகத்துக்குக் காட்டும்போது, அதே நிரலை பிரெஞ்சு, ஜெர்மன் சொற்களிலும் ஓட்டிக் காட்டினார். பெரியவர்கள் பதறிவிட்டார்களாம்! பிலடெல்பியாவில் செய்த அமெரிக்கக் கணினிக்கு பிரெஞ்சு எப்படிப் புரியும் என்று கேட்டு, ஆங்கிலம் மட்டும் போதும் என்று வாக்கு வாங்கிக்கொண்டார்களாம். இதை அவரே பின்னாளில் சிரித்துக்கொண்டு சொல்வாராம்.

நண்பர்களே, இந்தச் சம்பவம் நமக்குத்தான் அதிகம் பயன்படும். இயந்திரத்துக்கு ஆங்கிலமும் தெரியாது, ஜெர்மனும் தெரியாது. அது குறிகளை ஒப்பிட்டுப் பார்க்கிறது, அவ்வளவுதான். தமிழ் வழியில் பத்தாவது படித்து வந்தவனுக்குப் பிழைச் செய்தி புரிய நேரமாகும் என்றால், தடை மொழியில்தான் இருக்கிறது. மூளையில் இல்லை. ஒரு வரியை நான்கு தடவை படித்து, தெரியாத சொல்லுக்கு அகராதியைப் பார்த்தால் தீர்ந்துவிடும் தடை அது.

1959-இல் கோபால் மொழி உருவானது. நம்ம தெருக் கோபால் இல்லை, வணிகக் கணினிகளின் பொது மொழி! அதை ஹாப்பர் ஒருவரே செய்தார் என்பது மிகை. அப்படி ஒரு பொது மொழி வேண்டும் என்று முதலில் குரல் கொடுத்தவர் மேரி ஹாஸ். எழுதியது ஒரு குழு. ஆனால் ஃப்ளோ-மாட்டிக் அதற்குப் பெரிய அடித்தளம், ஹாப்பர் அதன் ஆலோசகர். 1960 டிசம்பரில் ஒரே கோபால் நிரல் இரண்டு வேறு நிறுவனங்களின் கணினிகளில் ஓடிக் காட்டியது.

ஓய்வு கொடுத்தும் ஓயாதவர்

1966 இறுதியில் வயதைக் காரணம் காட்டிக் கடற்படை ஓய்வு கொடுத்தது. ஏழே மாதத்தில், 1967 ஆகஸ்டில், ஆறு மாத வேலைக்கு வாருங்கள் என்று திரும்ப அழைத்தது. அந்த ஆறு மாதம் பத்தொன்பது வருடம் நீண்டது! காரணம் என்ன? ஒவ்வொரு நிறுவனமும் கோபாலைத் தன் இஷ்டத்துக்கு மாற்றி வைத்திருந்தது. இந்தக் கணினியில் ஓடியது அந்தக் கணினியில் ஓடவில்லை. ஹாப்பரின் குழு சோதனை நிரல்களை எழுதியது. கோபால் என்று பெயர் போட்டு விற்கும் கம்பைலர் அந்தச் சோதனையைத் தாண்டிக் காட்ட வேண்டும். பதிப்பு மாறியதும் பழைய ஸ்கிரிப்ட் படுத்துவிடும் தலைவலி நமக்கும் உண்டே! பெஸ்டரின் 5-ஆம் பதிப்பு வந்தபோது, பழைய பதிப்புக்கு எழுதிய சோதனைகள் பலவற்றைத் திருத்த வேண்டியிருந்தது. எந்தப் பதிப்புக்கு எழுதினோம் என்று ஸ்கிரிப்டின் தலையிலேயே எழுதி வைப்பதும், மாற்றியதும் சோதித்துப் பார்ப்பதும் அதற்கு மருந்து.

1983-இல் கொமடோர் பதவி. 1985-இல் அந்தப் பதவியின் பெயர் ரியர் அட்மிரல் என்று மாறியது. மேடை ஏறினால் கையில் ஒரு கட்டுக் கம்பி வைத்திருப்பார். ஒவ்வொன்றும் ஓர் அடிக்குச் சற்றுக் குறைவான நீளம். ஒரு நானோ நொடியில் மின்சாரம் அதிகபட்சம் இவ்வளவு தூரம்தான் போக முடியும் என்று சொல்லிக் கேட்பவர்கள் கையில் கொடுப்பார். மைக்ரோ நொடிக்குக் கிட்டத்தட்ட ஆயிரம் அடிச் சுருள். கண்ணுக்குத் தெரியாததைக் கையில் கொடுத்துப் புரியவைத்த ஆசிரியை அவர். தன் அலுவலகச் சுவரில் எதிர்த் திசையில் சுற்றும் கடிகாரம் ஒன்றை மாட்டியிருந்தார். இப்படித்தான் எப்போதும் செய்வோம் என்று சொல்பவர்களுக்கு அதுவே அவர் பதில். சிறுவயதில் பிரித்த கடிகாரம் கடைசிவரை அவரை விடவில்லை போலும்!

1986 ஆகஸ்டில், 79 வயதில், பாஸ்டன் துறைமுகத்தில் கான்ஸ்டிடியூஷன் என்ற பழம்பெரும் கப்பலின் தளத்தில் ஓய்வு பெற்றார். அப்போது கடற்படையில் பணியிலிருந்த அதிகாரிகளில் அவரே மூத்தவர். அதற்குப் பிறகும் வீட்டில் உட்காரவில்லை. டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தின் ஆலோசகராக இருந்தார். 1992 ஜனவரி 1 அன்று, 85 வயதில் மறைந்தார். அவர் பெயரில் ஒரு போர்க்கப்பல் 1997-இல் படையில் சேர்ந்தது. 2016-இல் அமெரிக்காவின் உயர்ந்த குடிமக்கள் விருது, மறைந்து 24 ஆண்டுகள் கழித்து அவருக்கு அளிக்கப்பட்டது.

நண்பர்களே! லத்தீனில் இடம் இழந்தவர், எடையில் தவறியவர், வயதில் தள்ளப்பட்டவர் அவர். ஒவ்வொரு முறையும் மறுப்பின் காரணம் என்னவென்று பார்த்து, அந்த ஒன்றை மட்டும் சரிசெய்து, மறுபடி முயன்றார். முதல் தலைமுறையாகப் படிக்க வந்த நமக்குப் பின்னால் தம்பி, தங்கைகள் வரிசையில் நிற்கிறார்கள். நாளை அவர்கள் முன்னால் அந்தச் சிவப்பு எழுத்து வரும்போது, பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாக வாசித்துச் சொல்ல வீட்டில் ஓர் ஆள் இருக்க வேண்டும். அந்த ஆளாக நாம் இருப்போம். அதுவே நாம் பெற்ற பட்டயத்துக்குப் பெருமை!